இன்னொண்ணு செய்யி

என் கையால் நான் செய்ததிலேயே அழகான கூஜாவை ஒரே வார்த்தையில் ஒன்றுமில்லாமல் ஆக்கியவர் மதினி.

மண்பாண்டப் பயிற்சி தொடங்கி அப்போது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து திருச்சுழி போகும் சாலை ஓரத்தில் ஒரு பழைய பம்புசெட்டு ரூமும் அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும் உண்டு. அங்கேதான் பயிற்சி. மகளிர் குழுவில் இருந்து பத்துப் பேர் போனோம். பரம்பரையாக மண் மிதித்தவர் எங்களில் ஒருவர்கூடக் கிடையாது. நான் அருப்புக்கோட்டை நூல் மில்லுக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தவள். ஒருத்தி ஜாக்கெட் தைக்கிறவள். ஒருத்தி நூறு நாள் வேலையில் பேர் எழுதுகிறவள். அன்று என்ன நேரமோ, என் சக்கரத்தில் மண் சொன்ன பேச்சைக் கேட்டது. வயிறு உப்பி, கழுத்து ஒடுங்கி, வாய் மலர்ந்து ஒரு கூஜா வந்து உட்கார்ந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்த சார் கை தட்டினார். எல்லோரும் செல்போனை எடுத்துப் போட்டோ பிடித்தார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள்போல நின்றேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதினி கடைசியாக வந்தார். கூஜாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அதன் இடுப்பைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "இன்னொண்ணு செய்யி பாப்பம்."

சுருக்கென்றது எனக்கு. இவருக்குப் பொறாமை என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். இன்னொன்றா, இன்னும் பத்துச் செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம். பதினோரு கூஜா. ஒன்றுக்குக் கழுத்து நீண்டது, ஒன்றுக்கு வயிறு சரிந்தது, ஒன்று கூஜாவா குடமா என்று அதற்கே தெரியாது. பதினொன்றையும் முதல் கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத பங்காளிகள் மாதிரி நின்றன.

பன்னிரண்டாவது நாசமானபோது அழுகையே வந்துவிட்டது. மதினி தன் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மொத ஒண்ணு தானா வந்ததுத்தா. ரெண்டாவது வந்தாத்தான் அது நீ செஞ்சது."

அப்போது அவர் மீது வந்த எரிச்சல் தணிய ஒரு வாரம் ஆனது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் அவர் எனக்கு மதினி முறை, அவ்வளவுதான். என்னைவிட நாலு வயது மூத்தவர். பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். வேலைக்கு உட்காரும்போது சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொள்வார். வளையலைக் கழற்றிச் சுவர் ஆணியில் தொங்கவிடுவார். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு.

எங்களோடு மண்ணுக்கு வருமுன் திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடையில் பன்னிரண்டு வருஷம் வடை போட்டவர் அவர். மாவை எடுக்கும்போது பார்க்கவே மாட்டார். கை சட்டிக்குள் போகும், ஒரு உருண்டையோடு வரும், தட்டையாகும், நடுவில் ஓட்டை விழும், எண்ணெயில் நழுவும். காலையில் போட்ட முதல் வடையையும் சாயங்காலம் போட்ட கடைசி வடையையும் அடுக்கினால் விளிம்பு மாறாது. ஆபீசில் சான்றிதழுக்குக் காத்திருக்கும் சனங்கள் பொழுது போகாமல் அவரது வடையைத் தராசில் வைத்துப் பந்தயம் கட்டியதுண்டு. பந்தயத்தில் ஜெயித்தவர் யாரும் இல்லை, எல்லாம் ஒரே எடை.

அந்தக் கையைத்தான் அவர் மண்ணுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் ஆளாளுக்குக் கண்மாய் மண்ணைக் கண்டபடி பிய்த்து எடுப்போம். மதினி பிடி கணக்கில் எடுப்பார். தண்ணீர்த் தம்ளருக்கு ஒரு பிடி, குழம்புச் சட்டிக்கு மூன்று பிடி. எடுத்த உருண்டைகளை வரிசையாக வைத்து ஈரத்துணி போட்டு மூடிய பிறகுதான் சக்கரத்தையே தொடுவார். செய்தவற்றைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுவார். முன்னால் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலையே கிடையாது. ஆறு தம்ளர் முடிந்த பிறகு எழுந்து, ஆறையும் சுவர்மேல் வைத்து, பத்து எட்டுத் தள்ளிப் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்வைக்குத் தப்பியவை சுட்டு வந்ததும் இன்னொரு சோதனை உண்டு. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஒவ்வொரு தம்ளரிலும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். எந்த விளிம்பு உதட்டில் தடித்துப் படுகிறதோ அந்தத் தம்ளர் ஆட்டத்தில் இல்லை.

"கண்ணு ஏமாந்துரும். ஒதடு ஏமாறாது," என்பார்.

ஆறில் ஒன்று கழிந்தால் மிச்சம் ஐந்தையும் கொடுக்க மாட்டார். ஆறாவது கூடும் வரை அவை பரணில் கிடக்கும். சந்தைக்கு எடுத்துப்போக ஆள் வந்து நிற்கும்போதும் இதே பிடிவாதம்தான். இருக்கிறதைக் கொடுத்தனுப்புங்களேன் என்று நான் கத்தியிருக்கிறேன். ஒரு காலில் செருப்போடு அனுப்புவியா என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

இவர் பிறந்ததிலிருந்தே இப்படி அளவு தப்பாதவர் என்று நினைத்தால் அதுவும் தப்பு. மூடி விஷயத்தில் அவர் பட்ட பாடு எங்களில் யாரும் படாதது. பன்னிரண்டு குழம்புச் சட்டி செய்து சுட்டு எடுத்துவிட்டார். அத்தனையும் ஒரே அச்சு. வாங்க வந்தவர்கள் மூடியும் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டியின் வாயை ஈர்க்குக் குச்சியால் அளந்து, அதே அளவில் பச்சை மண்ணில் பன்னிரண்டு மூடி செய்தார். வைத்துப் பார்த்தோம், கனகச்சிதமாக உட்கார்ந்தன. காயவைத்துச் சுட்டு எடுத்தால், பன்னிரண்டும் சட்டிக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சுருங்கி முடிந்த சட்டியை வைத்துக்கொண்டு, சுருங்காத மூடியை அளக்கக் கூடாது என்பது அன்றுவரை யார் மண்டையிலும் ஏறவில்லை.

நானாக இருந்தால் ஆளில்லாத நேரம் பார்த்துப் பன்னிரண்டையும் உடைத்துக் குழியில் போட்டு மூடியிருப்பேன். மதினி மூடி விழுந்த சட்டிகளை அப்படியே ரோட்டைப் பார்த்த சுவர்மேல் வரிசையாக வைத்தார். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"எடுங்க மதினி, மானம் போகுது," என்றேன்.

"இருக்கட்டும். ஒரு மாசம் நான் பாக்கணும்."

ஒரு மாதம் கழித்து எடுத்தார். அன்றே புதிதாக ஒரு குச்சி சீவினார். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு வெட்டு. மேல் வெட்டு பச்சை மண்ணுக்கு, கீழ் வெட்டு சுட்ட பிறகுக்கு. எங்கள் கண்மாய் மண் சாணுக்கு ஒரு விரற்கடை சுருங்குகிறது என்று அவர் கண்டுபிடித்து வைத்தார். பயிற்சி கொடுத்த சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் குச்சி வந்த பிறகுதான் வீரசோழனில் இருந்து பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சிக் கோப்பை கேட்டு ஒரு பாய் வந்தார். நாற்பது கோப்பை. எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்று கஞ்சி விழக் கூடாது. எடுத்துப்போக வந்த அன்று மதினி, மண் குடித்துவிடாமல் முன்பே ஊறவைத்திருந்த கோப்பைகளில் முதலாவதில் ஒரு லோட்டாத் தண்ணீரை ஊற்றினார். விளிம்பு வரை நிறைந்தது. அதே தண்ணீரை இரண்டாவதில் ஊற்றினார், பிறகு மூன்றாவதில், நாலாவதில். நாற்பதாவது கோப்பை வரை அதே ஒரு லோட்டாத் தண்ணீர்தான். பாய் பாதியிலேயே போதும் போதும் என்றார். மதினி கேட்கவில்லை. கடைசிக் கோப்பை நிறைந்து ததும்பியபோது அந்த மனிதர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். எங்கள் பத்துப் பேருக்கும் அன்றைக்கு ஒரு சாண் உயரம் கூடியது.

இவ்வளவும் சொன்னது முளைப்பாரிச் சட்டி விவகாரத்துக்கு வருவதற்குத்தான்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் பங்குனியில் முளைப்பாரி. வீட்டுக்கு ஒரு சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, மொச்சையும் தட்டாம்பயறும் சோளமும் தூவி, எல்லாச் சட்டிகளையும் கோயில் பக்கத்து இருட்டு வீட்டில் வைத்து ஒன்பது நாள் வளர்ப்போம். பத்தாம் நாள் பெண்கள் தலையில் தூக்கி ஊரைச் சுற்றி ஊருணிக்குக் கொண்டுபோவோம். எந்த வீட்டு முளை எப்படி வளர்கிறதோ அப்படித்தான் அந்த வருஷம் அந்த வீடு இருக்கும் என்பது ஐதீகம். ஆகவே, அடுத்த வீட்டு முளையை எட்டிப் பார்க்காத பெண் ஊரில் கிடையாது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே மண்சட்டி போய், அவரவர் வசதிக்கு ஏனம் வந்துவிட்டது. நிலபுலன் உள்ள வீடுகளில் பேர் வெட்டிய எவர்சில்வர் பேசன். பின்னால் வருகிற வீடுகளில் பிளாஸ்டிக் பேசன். எங்கள் தெரு ஒரு காலத்தில் எல்லார் காட்டுக்கும் கூலிக்குப் போன தெரு. இன்று மில்லும் கட்டிட வேலையும் வெளியூர்ப் பிழைப்பும் பார்த்துவிட்டோம். ஆனாலும் வரிசையின் வாலில், ஆளுக்கொரு சின்ன டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவது மாறவில்லை. அந்த வருஷம் சாமியாடி வாயில், எனக்கு மண்சட்டியில்தான் முளை வேண்டும் என்று வந்துவிட்டது. இருபத்து நாலு வீடு. இருபத்து நாலு சட்டி செய்யும் வேலை எங்கள் கொட்டகைக்கு வந்தது.

மண் பிசைந்துகொண்டிருந்த முதல் நாள் மேலவீட்டம்மா வந்தார். அவரைச் சொல்ல வேண்டும். ஊரில் பெரிய காட்டுக்காரர் வீடு. எங்கள் கொட்டகையும் பம்புசெட்டு ரூமும் அவர்களுடைய இடம். வாடகை என்று ஒரு பேச்சுக்கூட எடுக்காமல், பொம்பளைப் பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று சாவியைக் கொடுத்தவர் அவர்தான். நல்ல மனுஷி. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் எங்களுக்குச் சக்கரம் போட இடம் கிடையாது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

"ஏ வடைக்காரி, எங்க வீட்டுச் சட்டி மட்டும் ஒரு சாண் அகலம் கூட இருக்கட்டும். எங்க மாமியா காலத்துல இருந்து முன்னால போறது எங்க சட்டிதான். பாத்தாத் தெரியணும்ல."

மதினி கையைக் கழுவிக்கொண்டே, "சரிம்மா," என்றார். "அப்ப இருவத்தி நாலையும் ஒரு சாண் கூட்டிச் செஞ்சிருவோம்."

"எங்களுக்கு மட்டும்னு சொன்னேன்."

"ஒண்ணு மட்டும் பெருசா எனக்குச் செய்ய வராதும்மா. கை பழகிருச்சு. எல்லாத்தையும் பெருசாக் கேட்டீகன்னா பெருசு, சிறுசாக் கேட்டீகன்னா சிறுசு."

மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. ஆனாலும் கொட்டகையில் மற்ற ஒன்பது பேரும் மண் பிசைந்த கையை நிறுத்திவிட்டோம். மேலவீட்டம்மா மதினியைப் பார்த்தார். பிறகு கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"யோசிச்சுச் செய்யி," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் மதினியிடம் பாய்ந்தேன்.

"என்ன மதினி வீம்பு? ஒரு சட்டிதான? செஞ்சு குடுத்தா என்ன கொறஞ்சிரும்? நாளைக்குச் சாவியக் கேட்டா எங்க போறது? திரும்ப நான் மில்லு பஸ்ஸுக்கு நிக்கவா?"

"வீம்பு இல்லத்தா," என்றார். "பன்னெண்டு வருசம் வடை போட்டேன். தாசில்தாருக்கு ஒரு அளவு, தலையாரிக்கு ஒரு அளவுன்னு போட்டதில்ல. தாசில்தாரும் கேட்டதில்ல."

இந்தப் பேச்சைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்ததா என்றால், இல்லை. பயமாகத்தான் இருந்தது. மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். மில்லில் ஆள் குறைத்ததில் வெளியே வந்தவள் நான். கொட்டகை போனால் எனக்கு எதுவும் இல்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். மதினி சாப்பிடப் போகும் நேரங்களில், அவருக்குத் தெரியாமல், ஒரு சாண் அகலம் கூட்டி ஒரு பெரிய சட்டி செய்தேன். சாக்குப் போட்டு மூடிப் பம்புசெட்டு ரூமுக்குள் காயவைத்தேன். சமயம் பார்த்து மேலவீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், கொட்டகை தப்பிக்கும், மதினி நாலு நாள் பேசாமல் இருப்பார், பிறகு சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

இருபத்து நாலும் காய்ந்தன. சூளை அடுக்குகிற அன்று மதினி வேலிக்கருவை விறகு பார்க்கப் போனார். பின்பக்கம் நான் அடுக்குகிறேன் என்று சொல்லி, நாலு சட்டிக்கு நடுவே என் பெரிய சட்டியைச் செருகி, ஓட்டுச் சில்லுகளைப் போட்டு மறைத்தேன். காலையில் நெருப்பு வைத்தோம். முதலில் புகைதான் காட்டுவோம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் மெதுவாகப் போக வேண்டும். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், சூளைக்குள் டம்மென்று ஒரு சத்தம். தொடர்ந்து கலகலவென்று ஓடு சரியும் சத்தம்.

மதினி கையிலிருந்த விறகைக் கீழே போட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சூளை ஆறியதும் பிரித்தோம். இருபது சட்டிகள் நெருப்பு நிறத்தில் அழகாக வெந்து இருந்தன. பின்பக்க நாலும் சுக்குநூறு. மதினி சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு சில்லில் அவர் கை நின்றது. இரண்டு விரல் தடிமன். அவர் சட்டிக்கு அடித்தடிமன் ஒரு விரலைத் தாண்டாது. கோணி ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அந்தச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அழுது ஆறியிருப்பேன்.

"அடியக் கனமா விட்டுட்டியேத்தா," என்றார். "உள்ளுக்க ஈரம் இருந்துருக்கு. வெடிக்காம என்ன செய்யும்?"

அவ்வளவுதான். முளை போடுவதற்கு எட்டு நாள் இருந்தது. நாலு சட்டி குறைந்தால் நாலு வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் பேசனோடு வருவார்கள். அந்த நாலு வீடு எந்தத் தெருவில் இருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சந்தையில் வாங்கிவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். மதினி எழுந்து போனார். மூலையில் ஈரச்சாக்கை விலக்கினார். இருபத்து நாலுக்குப் பிசைந்த மண்ணில் மிச்சம் அங்கே இருந்தது. வேறு மண் என்றால் சுட்ட நிறம் மாறிவிடும் என்று எடுத்து வைத்திருந்தார். அன்று மத்தியானமே மூன்று சட்டி செய்து முடித்தார். அவற்றைச் சுட்ட சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை விரல் பெரிதாக இருந்தன.

"பெருசாப் போச்சே மதினி."

"பச்சையச் சுட்டதோட சேத்துப் பாக்காத. குச்சியப் பாரு."

பிறகு சக்கரத்தை விட்டு எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நாலாவத நீ செய்யி."

"விளையாடாதீக. எனக்கு ரெண்டு ஒண்ணா வராதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஒடச்சது நீ. நீதான் செய்யணும்."

உட்கார்ந்தேன். மதினி கணக்குப்படி நாலு பிடி மண் எடுத்து முதலாவது செய்தேன், உயரம் போதவில்லை. தொட்டியில் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்கு வாய் கோணியது. மதினி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மணல் சலித்துக்கொண்டிருந்தார். நாலாவதும் தொட்டிக்குப் போனபோது, திரும்பாமலே சொன்னார்.

"எங் கைக்குத்தான் நாலு பிடி. ஒங் கை சின்னக் கை. அஞ்சு எடு."

ஐந்து பிடி எடுத்தேன். கூஜா செய்த அன்று கை தட்டல் கேட்டதே, அந்த மாதிரி எதுவும் கேட்கவில்லை. மண்ணை மட்டும் பார்த்தேன். இழுத்தேன், குச்சியை வைத்தேன், விளிம்பை ஈரத்துணியால் வழித்தேன், ஊசியால் அடியைக் குத்தினேன். மேல் வெட்டு விளிம்பில் உட்கார்ந்தது. மதினி வந்து பார்த்தார். அதைத் தன் மூன்றோடு சேர்த்து வைத்து ஈரச்சாக்கால் மூடினார்.

பங்குனி வெயில் காற்றில் மண் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். நாலு நாள் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டோம். அதே வேலிக்கருவை விறகு, சின்னச் சூளை, நாலே சட்டி. பிரித்தபோது எல்லாம் முழுசாக இருந்தன. கீழ் வெட்டை வைத்துப் பார்த்தோம். உட்கார்ந்தது.

முளை போடுகிற அன்று மேலவீட்டம்மா வரவில்லை, மருமகளை அனுப்பினார். அந்தப் பெண் சட்டியைப் பார்த்தாள், மற்றச் சட்டிகளைப் பார்த்தாள், விதை தூவிவிட்டுப் போனாள். இனி சாவியைக் கேட்டு ஆள் வரும் என்று நான் ஒன்பது நாளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதினி தன் பாட்டுக்குத் தம்ளர் செய்துகொண்டிருந்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் குளித்து, பூ வைத்து, சும்மாட்டுத் துணியோடு முளை வீட்டுக்குள் போனோம். இருபத்து நாலு சட்டிகள். மஞ்சள் பாரித்த முளைகள் மாவிளக்கு வெளிச்சத்தில் நின்றன. எல்லோரும் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டோம்.

எது யாருடையது?

முந்தின வருஷம் வரைக்கும் அந்தக் கேள்வியே வந்ததில்லை. எவர்சில்வரில் பேர் இருக்கும், பிளாஸ்டிக்கில் நிறம் இருக்கும், எங்கள் டப்பாக்களை நாங்களே அறிவோம். இந்த வருஷம் ஒரு நூலாவது கட்டி வைக்க வேண்டும் என்று இருபத்து நாலு வீட்டில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. முளை வளர்க்கும் அக்காவோ, தண்ணீர் தெளிக்கத் தோதாகத் தினமும் சட்டிகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். நடுவில் ஒன்று நெடுநெடுவென்று, மற்றதெல்லாம் பிச்சை வாங்க வேண்டும் என்று வளர்ந்து நின்றது. ஏழு வீட்டுக்காரர்கள் அது எங்களது என்றார்கள். ஒரு வீட்டுக்காரி மூலையில் சோர்ந்து நின்ற முளையைப் பார்த்து, அது எங்களது இல்லை என்று சூடம் அணைக்கத் தயாராக இருந்தாள். சத்தம் கூடியது. வெளியே மேளம் நின்றுவிட்டது.

மேலவீட்டம்மா பட்டுச்சேலையில் முன்னால் வந்தார். கூட்டம் அடங்கியது. அவர் மதினியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏத்தா, செஞ்சது நீதான? தாய்க்குத் தெரியாதா பிள்ளைய? எங்க சட்டி எதுன்னு எடுத்துக் குடு."

எது என்று சொன்னாலும் அதுதான் மேலவீட்டுச் சட்டி. அந்த நெட்டை முளையைக் காட்டி ஒரு சொல் சொன்னால் போதும், கொட்டகை எங்கள் காலத்துக்கும் எங்களுக்குத்தான். சொல்லுங்கள் மதினி, சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

மதினி சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். அவசரமே படவில்லை. ஒவ்வொரு சட்டியின் விளிம்பையும் விரலால் ஒரு சுற்றுத் தடவினார். சிலவற்றைத் தூக்கி அடியைப் பார்த்தார். இருபத்து நாலையும் பார்த்து முடிக்கும்வரை அந்த வீட்டில் ஒரு வளையல் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்கே தெரியலம்மா," என்றார்.

மேலவீட்டம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குனிந்து ஒரு சட்டியின் விளிம்பைத் தடவினார், அடுத்ததைத் தடவினார். நிமிர்ந்து, கையிலிருந்த சும்மாட்டைத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எதையாவது தூக்கி விடு. நேரமாகுதுல்ல."

மதினி காலடியில் இருந்த சட்டியைத் தூக்கி அவர் தலையில் வைத்தார். நடுத்தரமான முளைதான். அடுத்து நின்றவள் அடுத்ததைத் தூக்கினாள். பிறகு சண்டை போட யாருக்கும் வாய் வரவில்லை. கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாவியைப் பற்றி அன்றும் பேச்சில்லை, பிறகும் இல்லை.

ஊருணிக்கரை வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். முன்னால் மேலவீடு, வாலில் எங்கள் தெரு, வரிசை பழைய வரிசைதான். தலைகளுக்கு மேல் இருபத்து நாலும் ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று நான் செய்தது. மதினி விரல் வைத்துத் தடவியும் அவருக்குத் தட்டுப்படாத ஒன்று. எது என்று நானும் தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.